ஜூம்லா 3-இல் நின்றுபோன தளத்தை 5-க்கு ஏற்றுவது: எங்கே உடையும், எப்படிச் சரிசெய்வது

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் தளத்தை 2014-இல், இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான ஜூம்லாவின் 3-ஆம் பதிப்பில் தொடங்கினோம். கூட்ட அறிவிப்பு, நூல் அறிமுகம், பேசியவர்களின் உரை எழுத்து வடிவில் என்று 1,400 பதிவுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் தளத்திலேயே அப்டேட் பொத்தானை அழுத்தினேன். பாதியில் ஹோஸ்டிங் இடம் நிரம்பிவிட்டது. 4-இன் கோப்புகள் பாதி, 3-இன் கோப்புகள் பாதி, திரையில் வெறும் வெள்ளை. பேக்கப் எடுத்திருந்தேன், ஆனால் அதே சர்வரில் வைத்திருந்தேன். அந்தப் பழைய பேக்கப்புகள்தான் இடத்தையே அடைத்திருந்தன. அன்றைக்கு விடியும்வரை உட்கார்ந்து கற்றுக்கொண்டதும், அதற்குப் பிறகு வேறு சில தளங்களை ஏற்றியபோது தெரிந்துகொண்டதும்தான் இந்த வழிகாட்டி. சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதையும் நகலில் மாற்றுங்கள். அப்படிச் செய்தால் எது உடைந்தாலும் எதனால் உடைந்தது என்பது தெரியும். மூன்றை ஒன்றாக மாற்றினால் கடவுளுக்கே தெரியாது.

கோப்புகள், டேபிள்களின் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், உங்கள் திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

முதலில் படிகளின் வரிசை

ஜூம்லா 3-க்கான ஆதரவு 2023 ஆகஸ்ட் 17-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 4-க்கும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 5-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 அக்டோபர் வரை வரும். அதனால் 4-இல் போய்த் தங்க நினைக்காதீர்கள், அது நடுவில் கால் வைக்கும் படி மட்டுமே. 3-லிருந்து நேராக 5-க்குத் தாவ வழியில்லை. 3.10, பிறகு 4.4, பிறகு 5 என்றுதான் போக வேண்டும்.

பலர் சிக்குவது ஜூம்லாவின் படிகளில் அல்ல, அதோடு கூடவே ஏற வேண்டிய பிஎச்பியின் (ஜூம்லா எழுதப்பட்ட, சர்வரில் ஓடும் நிரல்மொழி) படிகளில்தான். 3.10-ஐ பிஎச்பி 8.0 வரைதான் நம்பி ஓட்டலாம். 4-க்கு 7.2.5 இருந்தாலே போதும். 5-க்குக் குறைந்தது 8.1 வேண்டும். மேலும் தரவுத்தள மென்பொருளாக மைஎஸ்க்யூஎல் 8.0.13 அல்லது மரியாடிபி 10.4 வேண்டும். இதைச் சேர்த்து யோசித்தால் பாதை தானாகத் தெரியும். பிஎச்பி 7.4-இல் நின்றபடியே 3.10-லிருந்து 4.4-க்கு ஏறுங்கள், எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஜூம்லாவைத் தொடாமல் பிஎச்பியை மட்டும் 8.1-க்கு மேலே கொண்டுபோங்கள், மறுபடியும் எல்லாவற்றையும் பாருங்கள், அதற்குப் பிறகே 5. ஹோஸ்டிங்காரர்கள் அவர்களாகவே பிஎச்பியை 8.2-க்கு மாற்றிவிட்டதால் பழைய தளம் நின்றுபோயிருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலான கன்ட்ரோல் பேனல்களில் ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக பிஎச்பி பதிப்பைத் தேர்ந்தெடுக்க இடமிருக்கும். கொஞ்ச நாளைக்கு 7.4-க்குத் திரும்பிவிட்டு மேலே சொன்ன வரிசையில் ஏறலாம். தரவுத்தளப் பதிப்பு அப்படி உங்கள் கையில் இருக்காது, அதனால் அதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 4 வரை வந்துவிட்டு மைஎஸ்க்யூஎல் 5.7-இல் மாட்டிக்கொண்டால் ஹோஸ்டிங்கையே மாற்ற வேண்டிவரும்.

நகல் எடுங்கள், நகலை ஊமையாக்குங்கள்

அகீபா பேக்கப் என்ற எக்ஸ்டென்ஷன் (ஜூம்லாவில் கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) இருந்தால் வேலை சுலபம். ஒரே கோப்பாக எடுத்து, அதைப் பிரிக்கும் கிக்ஸ்டார்ட் கோப்போடு ஒரு சப்டொமைனில் ஏற்றிப் பிரித்துக்கொள்ளலாம். எடுத்த பேக்கப்பை உங்கள் கணினிக்கு இறக்கிவிட்டு, சர்வரில் இருப்பதை அழித்துவிடுங்கள். என் ஞாயிற்றுக்கிழமைக் கதை இனி யாருக்கும் நடக்கக் கூடாது. நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே டேட்டாபேஸைக் காட்டிவிடாதீர்கள். நகலுக்கென்று தனி டேட்டாபேஸ், தனிப் பயனர்.

நகல் எழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை குளோபல் கான்ஃபிகரேஷனில் மெயில் அனுப்புவதை நிறுத்துவது. இதை விட்டுவிட்டால் நீங்கள் சோதனைக்கு அழுத்தும் ஒவ்வொரு பொத்தானுக்கும் உண்மையான உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் போகும். இரண்டாவது, கூகுள் உள்ளே வராதபடி அந்த ஃபோல்டருக்குக் கடவுச்சொல் போடுவது.

வேறு சர்வரில் நகல் போடுகிறீர்கள் என்றால், சர்வருக்கான விதிகள் இருக்கும் எச்டிஅக்சஸ் கோப்பின் அடியிலோ மேலேயோ பழைய கன்ட்ரோல் பேனல் எழுதிவைத்த பிஎச்பி ஹேண்ட்லர் வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். அவை இருந்தால் பக்கம் திறப்பதற்குப் பதிலாகக் கோப்பு டவுன்லோட் ஆகும், இல்லையென்றால் 500 பிழை வரும். அந்த வரிகளை நீக்கினால் சரியாகிவிடும்.

அப்புறம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பதிவுகள், எத்தனை பிரிவுகள், எத்தனை பயனர்கள், எத்தனை மெனு உருப்படிகள். டேட்டாபேஸைப் பிரவுசரில் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் அந்தந்த டேபிளைத் திறந்தால் எண்ணிக்கை தெரியும். எல்லாம் முடிந்தபின் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறதே என்று வயிறு கலங்கும்போது, நம்பிக்கையோடு பார்க்க இந்த நான்கு எண்கள்தான் இருக்கும்.

களையெடுப்பை 3-இலேயே முடியுங்கள்

தளத்தை 3.10.12-க்குக் கொண்டுவாருங்கள். எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அவற்றின் கடைசிப் பதிப்புக்கு ஏற்றுங்கள். அப்புறம் ஜூம்லா அப்டேட்டின் ஆப்ஷன்ஸில் அப்டேட் சேனலை ஜூம்லா நெக்ஸ்ட் என்று மாற்றினால் ப்ரீ-அப்டேட் செக் என்ற பகுதி வரும். சர்வர் அமைப்புகள் போதுமா, எந்த எக்ஸ்டென்ஷனுக்கு 4-க்கான பதிப்பு உண்டு, எதற்கு இல்லை என்று அது பட்டியலிடும். அது முழு உண்மை சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். எக்ஸ்டென்ஷனை எழுதியவர் தன் அப்டேட் கோப்பில் என்ன குறித்திருக்கிறாரோ அதைத்தான் அது படிக்கிறது. பச்சை காட்டியதும் உடைந்திருக்கிறது, தகவல் இல்லை என்று காட்டியதும் ஓடியிருக்கிறது. ஆனால் பிளகின்களுக்கு (பின்னணியில் தானாக ஓடும் எக்ஸ்டென்ஷன்கள்) பக்கத்தில் அப்டேட்டின்போது சிக்கல் வரலாம் என்று எச்சரித்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம், யூசர், ஆதென்டிகேஷன் வகைப் பிளகின்கள் ஒவ்வொரு பக்கத்திலும் ஓடுபவை. அவற்றில் ஒன்று இடறினால் அட்மின் பக்கமே திறக்காது. வெளியிலிருந்து வாங்கிப் போட்ட இந்த வகைப் பிளகின்கள் எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன்னால் அணைத்துவிடுங்கள்.

தேவையில்லாதவற்றை அணைத்தால் மட்டும் போதாது, அன்இன்ஸ்டால் செய்யுங்கள், அதையும் 3-இல் இருக்கும்போதே செய்யுங்கள். காரணம் இதுதான்: பல பழைய எக்ஸ்டென்ஷன்களின் அன்இன்ஸ்டால் நிரலே ஜேரிக்வெஸ்ட் போன்ற பழைய கிளாஸ்களை (ஜூம்லாவின் நிரல் தொகுதிகள்) நம்பி எழுதப்பட்டது. 4-இல் அந்தக் கிளாஸ் கிடையாது. அங்கே போனபின் நீக்கப்பார்த்தால் நீக்கும் வேலையே பிழையில் நின்றுவிடும்.

முகவரிகள் விஷயத்திலும் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுகளின் ஆப்ஷன்ஸில், இன்டக்ரேஷன் பகுதியில், யூஆர்எல் ரூட்டிங் (முகவரி அமைக்கும் முறை) லெகஸியில் இருந்தால் அதை 3-இலேயே மாடர்னுக்கு மாற்றி, எந்த முகவரிகள் மாறுகின்றன என்று இப்போதே கண்டுபிடித்துவிடுங்கள். கூகுளில் பத்து வருடமாக இருக்கும் இணைப்புகள் அறுந்தால் வாசகர் திரும்பி வர மாட்டார்.

3.10-லிருந்து 4.4-க்கு

இப்போது பொத்தானை அழுத்தலாம். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் டெம்ப்ளேட்டுக்கு 4-க்கான பதிப்பு இல்லை என்றால், அழுத்துமுன் ப்ரோட்டோஸ்டாருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜூம்லா 3-ஓடு வரும் டெம்ப்ளேட் அது, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து தொல்லை வராது.

அப்டேட் பட்டை நகராமல் நின்று ஏஜாக்ஸ் பிழை வந்தால், பெரும்பாலும் ஜூம்லா குற்றவாளி அல்ல. பிரித்தெடுக்கும் வேலையைச் செய்வது ஜூம்லா அப்டேட் ஃபோல்டருக்குள் இருக்கும் ரீஸ்டோர் என்ற தனிக் கோப்பு. பாதுகாப்புக்கென்று நீங்களோ உங்களுக்கு முன்னால் பார்த்தவரோ எச்டிஅக்சஸில் போட்ட விதிகள் அதைத் தடுத்துவிடும், அல்லது ஹோஸ்டிங்கின் மாட்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு வடிகட்டி தடுத்துவிடும். பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால் 403 என்று தெரியும். எச்டிஅக்சஸின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 403 இல்லாமல் நேரம் கடந்து நின்றால், நினைவக அளவையும் ஓடும் நேர வரம்பையும் கூட்டிப் பாருங்கள், வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதியில் நின்ற தளத்தை ஒட்டுப்போட்டு ஓட்டப்பார்க்காதீர்கள். அன்றிரவு நான் மூன்று மணிநேரம் அதைத்தான் செய்தேன். கடைசியில் பேக்கப்பைத் திரும்பப் போட்டது இருபது நிமிட வேலை. நகலில் செய்கிறீர்கள் என்றால் அழித்துவிட்டு மறுபடி நகலெடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வெள்ளைத் திரை வந்தால்

வெள்ளைத் திரை என்றால் பிழைச் செய்தி மறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை வெளியே வரவைப்பதுதான் முதல் வேலை. தளத்தின் மேல் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிகரேஷன்.பிஎச்பி கோப்பைத் திறந்து, எரர் ரிப்போர்ட்டிங் என்ற வரியில் மேக்சிமம் என்றும், டீபக் வரியில் 1 என்றும் போடுங்கள். பக்கத்தை மறுபடி திறந்தால் இப்போது எந்தக் கோப்பில், எந்த வரியில், என்ன என்று சொல்லும். அந்தச் செய்தியை நிதானமாக முழுவதும் படியுங்கள். பலர் முதல் வரியைக் கூகுளில் போட்டுத் தேடிவிட்டு, கீழே இருக்கும் கோப்புப் பாதையைப் பார்ப்பதே இல்லை. விடை அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பாதையில் பிளகின்ஸ் என்ற ஃபோல்டரும் அதற்குள் சிஸ்டமும் அதற்குள் ஒரு பெயரும் இருந்தால், உடைத்தது அந்தப் பிளகின். டெம்ப்ளேட்ஸ் என்று இருந்தால் உங்கள் டெம்ப்ளேட்.

அட்மினுக்குள்ளேயே போக முடியவில்லை என்றால் பிளகினை எப்படி அணைப்பது? பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்டென்ஷன்ஸ் டேபிளைத் திறந்து, அந்தப் பிளகினின் வரியில் எனேபிள்டு என்ற கட்டத்தில் 1-ஐ 0 ஆக்குங்கள். யார் குற்றவாளி என்று செய்தியிலும் தெரியவில்லை என்றால், வெளிப் பிளகின்கள் எல்லாவற்றையும் 0 ஆக்கிவிட்டு, பாதியைத் திரும்ப 1 ஆக்குங்கள். உடைந்தால் அந்தப் பாதியில் இருக்கிறது, இல்லையென்றால் மறுபாதியில். 32 பிளகின் இருந்தாலும் ஐந்தே சுற்றில் பிடித்துவிடலாம்.

குறிப்பிட்ட கிளாஸ் கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது, ஆனால் அந்தக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றால், அட்மினிஸ்ட்ரேட்டர் ஃபோல்டருக்குள் கேஷ் ஃபோல்டரில் ஆட்டோலோட் பிஎஸ்ஆர்4 என்ற கோப்பை அழித்துவிடுங்கள். எந்தக் கிளாஸ் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் அது. பழையது தங்கிவிட்டால் வழி தவறிவிடும். அழித்தால் ஜூம்லா தானே புதிதாக எழுதிக்கொள்ளும். இந்த ஒரு கோப்பு என்னை இரண்டு நாள் அலைய வைத்திருக்கிறது.

முகப்பு ஓடுகிறது, பிரிவுப் பக்கம் மட்டும் 500

இதைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம், ஏனென்றால் பழைய தளங்களில் பெரும்பாலும் இது வரும். எங்கள் தளத்தில் தனிப் பதிவுகள் அழகாகத் திறந்தன. நூல் அறிமுகம் என்ற பிரிவைத் திறந்தால் மட்டும் 500, செய்தியில் பிஹேவியர் கேப்ஷன் கிடைக்கவில்லை என்று இருந்தது. அது காட்டிய பாதை இது: டெம்ப்ளேட் ஃபோல்டருக்குள் எச்டிஎம்எல் என்ற ஃபோல்டர், அதற்குள் காம்_கன்டென்ட், அதற்குள் கேட்டகரி, அதற்குள் பிளாக்.பிஎச்பி. 2015-இல் யாரோ தேதியைத் தமிழ் மாதத்தில் காட்டுவதற்காக ஜூம்லாவின் மூலக் கோப்பை நகலெடுத்து இங்கே வைத்து இரண்டு வரி மாற்றியிருக்கிறார். அந்த நகலின் மேல்பகுதியில், அந்தக் காலத்தில் எல்லாத் தளத்திலும் இருந்த பிஹேவியர் கேப்ஷன் வரி அப்படியே இருந்தது. 4-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு வரியை நீக்கினேன், பிரிவு திறந்தது.

இப்படி மூலத்தை மறைத்து நிற்கும் நகல்களைத்தான் ஓவர்ரைடு என்கிறோம். சோதிக்க எளிய வழி, அந்த எச்டிஎம்எல் ஃபோல்டரின் பெயரை எச்டிஎம்எல்_பழைய என்கிற மாதிரி மாற்றிவிட்டுப் பார்ப்பது. பிழை போனால் ஓவர்ரைடில்தான் கோளாறு. அப்படியானால் பழைய கோப்பைத் திருத்திக்கொண்டிருக்காமல், 4-இன் மூலக் கோப்பைப் புதிதாக நகலெடுத்து உங்கள் இரண்டு வரியை அதில் சேர்த்துக்கொள்வதே நல்லது. 3 பக்க வடிவமைப்புக்கான பூட்ஸ்ட்ராப் 2-ஐ வைத்து எழுதப்பட்டது, 4-க்குப் பிறகு பூட்ஸ்ட்ராப் 5. பழைய ஓவர்ரைடு பிழை காட்டாமல் ஓடினாலும் பக்கம் கோணல்மாணலாக நிற்கும்.

4-ஓடு வரும் புதிய காசியோபியா டெம்ப்ளேட்டுக்கு மாறியதும் பக்கவாட்டுப் பெட்டிகள் (மாட்யூல்கள்) காணவில்லை என்று பலர் பயப்படுவார்கள். அவை அழியவில்லை. ப்ரோட்டோஸ்டாரில் பொசிஷன்-7 என்று இருந்த இடம் காசியோபியாவில் சைட்பார்-ரைட். மாட்யூலைத் திறந்து இடத்தை மாற்றினால் வந்துவிடும்.

அட்மினில் பதிவுகளே இல்லை

தளத்தில் பதிவுகள் தெரிகின்றன, அட்மின் பட்டியலில் மட்டும் காலி. முதல்முறை பார்க்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும், ஆனால் எதுவும் தொலைந்துபோகவில்லை. 4-இல் வொர்க்ஃப்ளோ என்ற ஒன்று புதிதாக வந்தது. ஒவ்வொரு பதிவும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வொர்க்ஃப்ளோ அசோசியேஷன்ஸ் என்ற டேபிளில் ஒரு வரி இருக்க வேண்டும், அந்த வரி இல்லாத பதிவை அட்மின் பட்டியல் காட்டாது. ஏறும்போது ஏதோ ஒரு கட்டத்தில் தடங்கல் வந்தால் இந்த வரிகள் சேராமல் போகும். கன்டென்ட் டேபிளின் எண்ணிக்கையையும் இதன் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள், வித்தியாசம் தெரியும். விடுபட்ட ஒவ்வொரு பதிவுக்கும் அதன் எண், கட்ட எண் 1, காம்_கன்டென்ட்.ஆர்ட்டிகிள் என்ற சொல், இந்த மூன்றையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். ஒரே எஸ்க்யூஎல் இன்சர்ட் கட்டளையில், கன்டென்ட் டேபிளிலிருந்து எண்களை எடுத்து, ஏற்கெனவே இருப்பவற்றை விலக்கிவிட்டுச் சேர்க்கலாம். அதற்குமுன் வொர்க்ஃப்ளோ ஸ்டேஜஸ் டேபிளில் 1-ஆம் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டேபிளில் ஏதோ ஒரு நெடுவரிசை இல்லை என்று எஸ்க்யூஎல் பிழை வந்தால் அது வேறு விஷயம். சிஸ்டம், மெயின்டனன்ஸ், டேட்டாபேஸ் என்று போய் அப்டேட் ஸ்ட்ரக்சரை அழுத்துங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

தமிழ்த் தளங்களில் தனியாகப் பார்க்க வேண்டியவை

டேட்டாபேஸைக் கையால் எடுத்துப் போடுகிறவர்கள், எடுக்கும்போதும் போடும்போதும் எழுத்துத் தொகுதி யூடிஎஃப்-8 என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் 1,400 பதிவும் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும். கேள்விக்குறியாக மாறிச் சேமித்துவிட்டதை எந்த வித்தையாலும் தமிழாக்க முடியாது, பேக்கப்பிலிருந்து மறுபடி போடுவது ஒன்றே வழி. நகலில் முதல் பதிவு, கடைசிப் பதிவு, ஒரு பயனரின் பெயர் மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தமிழ் இடைமுகம் வைத்திருந்தால், ஏறியபின் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தெரியும். 4-இல் மொழிக் கோப்புகளின் பெயருக்கு முன்னால் இருந்த டிஏ-ஐஎன் முன்னொட்டை எடுத்துவிட்டார்கள், புதிய சொற்களும் நிறைய வந்துவிட்டன. மொழிப் பொதியைப் புதிதாக நிறுவுங்கள். அதிலும் இல்லாத சொற்களை லாங்குவேஜ் ஓவர்ரைட்ஸில் நீங்களே தமிழில் எழுதிவிடலாம், மேலும் வாசிக்க, முந்தையது, அடுத்தது மாதிரி வாசகர் கண்ணில் படும் பத்துப் பதினைந்து சொற்களை மாற்றினாலே தளம் தமிழாகிவிடும்.

குளோபல் கான்ஃபிகரேஷனில் யூனிகோட் ஏலியஸ் அணைந்திருந்தால், தமிழ்த் தலைப்புள்ள புதிய பதிவின் முகவரி வெறும் தேதியும் நேரமுமாக அமையும். அது இயக்கத்தில் இருக்கட்டும். தேடலையும் மறக்காதீர்கள். பழைய சர்ச் 4-இல் மையத் தொகுப்பிலிருந்து வெளியே போய்விட்டது, ஸ்மார்ட் சர்ச்சுக்கு மாறி, அதன் குறியீட்டை முழுவதும் புதிதாகக் கட்டவைக்க வேண்டும். அதுவரை எதைத் தேடினாலும் ஒன்றும் வராது.

4.4-லிருந்து 5-க்கு

3-லிருந்து 4-க்கு வந்ததோடு ஒப்பிட்டால் இது சமதளத்தில் நடப்பது போல. பிஎச்பியை ஏற்றிவிட்டு, மறுபடி ப்ரீ-அப்டேட் செக் பார்த்துவிட்டு, ஒரு பேக்கப் எடுத்துவிட்டு ஏறுங்கள். 5-இல் பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்ற பிளகின் உண்டு. பழைய கிளாஸ் பெயர்களை நம்பியிருக்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கு அது ஊன்றுகோல். நகலில் ஒருமுறை அதை அணைத்துப் பாருங்கள். எது விழுகிறதோ, அதுதான் அடுத்த பெரிய பதிப்பில் உங்களுக்குத் தொல்லை தரப்போகிறது. பெயரைக் குறித்துக்கொண்டு பிளகினைத் திரும்ப இயக்கிவிடுங்கள். 6-க்கு பிஎச்பி 8.3 வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நேரடித் தளத்தில்

நகல் சரியாக ஓடுகிறது. இப்போது அதை அப்படியே தூக்கி நேரடித் தளத்தின் மேல் வைக்கலாமா? நகலெடுத்த நாளுக்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை என்றால் வைக்கலாம். எழுதியிருந்தால் அந்தப் பதிவுகள் போய்விடும். நான் விரும்புவது, நகலில் செய்த ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதிவைத்து, அதே வரிசையில் நேரடித் தளத்தில் மறுபடி செய்வது. எங்கே உடையும் என்று ஏற்கெனவே தெரியும் என்பதால், நகலில் நான்கு நாள் எடுத்தது நேரடித் தளத்தில் ஒன்றரை மணிநேரத்தில் முடிந்தது. எழுதுகிறவர்களுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள், தளத்தை ஆஃப்லைனில் போடுங்கள், கூட்டம் இல்லாத நேரத்தில், ஆனால் ஹோஸ்டிங் உதவிக்கு ஆள் கிடைக்கும் நேரத்தில் தொடங்குங்கள். ஞாயிறு இரவு வேண்டாம், செவ்வாய்க் காலை நல்லது.

முடிந்தபின் நோட்டில் உள்ள நான்கு எண்களைச் சரிபாருங்கள். டீபக்கை 0 ஆக்குங்கள், எரர் ரிப்போர்ட்டிங்கைப் பழையபடி வையுங்கள், இல்லையென்றால் உங்கள் கோப்புப் பாதைகள் ஊருக்கே தெரியும். சிஸ்டம் ரீடைரக்ட் பிளகினை ஒரு மாதம் ஓடவிட்டால் அறுந்த முகவரிகளை அதுவே சேர்த்துத் தரும், வாரம் ஒருமுறை உட்கார்ந்து அவற்றைப் புதிய முகவரிகளோடு இணைத்துவிடுங்கள். எங்கள் தளத்தில் முதல் வாரம் 63 வந்தது, நான்காவது வாரம் 2. அதற்குப் பிறகு நகல் சப்டொமைனையும் அதன் டேட்டாபேஸையும் அழித்துவிட்டேன். ஜூம்லா 3-இன் கடைசி பேக்கப் மட்டும் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.